கோமாரி வந்த வாரத்துப் பால்

சுதந்திர தினமான மெர்டேக்காவுக்குப் பத்து நாள் இருந்தது. காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்துப் பக்கத்தில் நின்றவர் அவர் வீட்டுப் பால்காரர்.

“தம்பி, உன் பசுவுக்குக் கோமாரி வந்தப்புறந்தான் பால் பாலாவே இருக்கு,” என்றார் அம்மாள்.

நான் பேப்பரை இறக்கினேன்.

“என்னக்கா சொல்றீங்க?” என்றார் பால்காரர்.

“வாய்ப்புண்ணுல மாடு தண்ணியே குடிக்கலன்னியே, அதான் கெட்டியா இருக்கு. தயிரைக் கத்தியால வெட்டலாம் லா! வெள்ளிக்கிழமை பிள்ளையார் அபிஷேகத்துக்கும் அதத்தான் குடுத்தேன்.”

பால்காரர் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, சாமிக்கா? நோய் மாட்டுப் பாலைக் குடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கு எருமைப்பால்தான் ஊத்தினேன். எங்கிட்ட கொம்பு சுருண்ட முர்ரா ஜாதி எருமை ஒண்ணு இருக்கே, அதோட பால்.”

“அடப்பாவி! சொல்ல வேண்டாமா?”

“எருமைப்பால் குடிச்சா புத்தி மந்தமாகும், வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் பயந்துட்டேன்.”

அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பசு தேறிடுச்சா?”

“தேறிடுச்சுக்கா. நாளையிலேர்ந்து பழையபடி பசும்பால்தான்.”

“மெர்டேக்கா பூஜைக்கு அதையே குடு. சாமி விஷயத்துல விளையாடக் கூடாது.”

மணியை அடித்துவிட்டு அம்மாள் எழுந்தார்.

“எங்க வீட்டுக்கு எருமையே ஊத்து. எங்க வீட்டுக்காரருக்குப் புத்தி இனிமேலா மந்தமாகப் போகுது?”