வீட்டு எண் இல்லாத சாலை

மணி சரியாக இரண்டு பத்து. ராத்திரி இரண்டு பத்து என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்ளாதீர்கள்... மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். ஊரைத் தாண்டி ஒரு சாலை. கடைசி வீட்டைக் கடந்துவிட்டால் பத்து கிலோமீட்டருக்கு ஈ காக்கை கிடையாது. அங்கே ஒரு வளைவு. வளைவில் மணல். மணலில் சாய்ந்து கிடக்கிறது ஒரு ஸ்கூட்டர்... பின்சக்கரம் மட்டும் இன்னும் சுற்றுகிறது. டிக்... டிக்... டிக்...

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியாது. இது பட்டப்பகலில் நடந்தது. என் சிநேகிதியின் அண்ணனுக்கு நடந்தது. கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். வந்துவிட்டாலும் யாரும் விளக்கைப் போடாதீர்கள்.

அந்த அண்ணனை அலுவலகத்தில் எல்லோரும் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் அவன் வேலை. ஆபத்தில் இருப்பவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு செயலி இருக்கிறது அல்லவா, போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும் என்பார்களே, அது. பொத்தானை அழுத்தினால் ஒரு செய்தி கிளம்பும். பெயர், வயது, போன் எண், ஆள் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ், முகவரி. அந்தச் செய்தி நேராக ஆம்புலன்ஸ்காரருக்குப் போகாது. நடுவில் ஒரு இணைப்பு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். வருகிற செய்தி ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கும். ஒழுங்காக இருந்தால் அந்தப் பக்கம் தள்ளிவிடும். இல்லையென்றால், 'திருத்தி மீண்டும் அனுப்பவும்' என்று வந்த வழியே திருப்பிவிடும். எது ஒழுங்கு, எது ஒழுங்கில்லை என்ற விதிகளை எழுதுவது சல்லடை.

விதிகளைச் சொல்வது அவனுடைய மேலாளர். அவருக்குச் சுத்தம் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் "டேட்டா சுத்தமா இருக்கணும்" என்பார். மாதாந்திர அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அவர் சல்லடையின் மேசைக்கு வந்தார்.

"வீட்டு எண் நிறைய காலியா வருது. கட்டாயமாக்கிடு. எண் மட்டும்தான் வரணும், எழுத்து வந்தா திருப்பிடு."

"சார், ரோட்டுல விழுந்தவனுக்கு ஏது சார் வீட்டு நம்பர்? ஜிபிஎஸ் இருக்கே, அது போதாதா?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான். எழுது."

எழுதினான். பத்து நிமிஷ வேலை. இதைத்தான் பிற்பாடு அவன் தன் தங்கையிடம் திரும்பத் திரும்பச் சொன்னானாம்... பத்து நிமிஷம். இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டிருக்கலாம். டீ ஆறிவிடுமே என்று விட்டுவிட்டான்.

அதற்கு மூன்றாவது வாரம்தான் அந்த ஸ்கூட்டர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்த ஒரு பெண். இருபத்தாறு வயது. தயாரான கண்ணாடிகளை வாடிக்கையாளர் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு லாரி டிரைவர் பார்த்தார். வெயிலில் கிடந்ததால் உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்ததாம். உயிர்தான் இல்லை. இடது தொடையில் வெட்டு. அரை மணிக்குள் யாராவது வந்து கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். கையில் போன் இருந்தது. பேசுகிற அளவுக்கு அங்கே சிக்னல் கிடையாது, செய்தி மட்டும்தான் போகும். போலீஸ் அதை உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டது.

மறுநாள் சல்லடை திருப்பப்பட்ட செய்திகளின் பட்டியலைத் திறந்தான். ஒரே எண்ணிலிருந்து பதினாலு. இரண்டு பத்துக்கு முதல் செய்தி, இரண்டு நாற்பத்தேழுக்குக் கடைசி. எல்லாவற்றிலும் பெயர் சரி, வயது சரி, ஜிபிஎஸ் அந்த வளைவை விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி அத்தனை சரி. வீட்டு எண் என்ற கட்டத்தில் மட்டும்... முதல் இரண்டு காலி. மூன்றாவது, 'வீடு இல்ல'. நாலாவது, 'ரோடு'. 'வளைவு'. 'மணல்'. 'ரத்தம் வருது'. 'சீக்கிரம்'. பிறகு எழுத்துகள் கோணலாகி, பாதிச் சொற்களாகி... பதின்மூன்றாவதில் 'அப்பா'. பதினாலாவது மறுபடி காலி.

ஒவ்வொன்றுக்கும் அந்த மென்பொருள் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தது. வீட்டு எண்: எண்கள் மட்டும். திருத்தி மீண்டும் அனுப்பவும்.

எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பயம் வருவதில்லை, வயிறு எரிகிறது. செத்துக்கொண்டிருக்கிறவளைப் பிழை திருத்தச் சொன்ன பாவிகள்!

விசாரணை வந்தது. 'எங்களுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை' என்று சுத்தம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் சல்லடையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்துக்காத செய்தி வராத செய்திதான்பா. அந்தப் பதினாலையும் அழிச்சிடு. உனக்கும் கைக்குழந்தை இருக்கு, யோசிச்சுக்கோ."

அழித்தான். ஆமாம், அழித்தான். நல்லவன்தான், ஆனால் அன்றைக்குப் பயந்தாங்கொள்ளி.

அழித்த அன்றிலிருந்து ஒரு பெரியவர் தினமும் மத்தியானம் வரவேற்பறையில் வந்து உட்கார ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையை இன்னும் விடவில்லை. கேட்பது ஒரே கேள்வி.

"எம்பொண்ணு கூப்பிட்டாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா, போயிடறேன். கூப்பிடக்கூட முடியாம போயிட்டாளா... இல்ல, கூப்பிட்டும் யாரும் வரலையா?"

வரவேற்பில் இருந்த பெண், சொல்லச் சொன்னதைச் சொல்வாள். எதுவும் வரவில்லை ஐயா. அவர் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார். மறுநாள் வருவார்.

அழித்ததற்கு அடுத்த நாள். இரண்டு பத்து. சல்லடையின் திரையில் டங் என்று ஒரு சத்தம். திருப்பப்பட்ட செய்தி, ஒன்று. அந்த எண். அந்தப் பெயர். வீட்டு எண் காலி. தேதி மட்டும் அன்றைய தேதி.

அழித்தது சரியாக அழியவில்லை போல என்று நினைத்தான். மறுபடி அழித்தான். மறுநாள் இரண்டு பத்து... டங். காலி. மூன்றாம் நாள் 'வீடு இல்ல'. போலீஸில் தெரிந்தவரைப் பிடித்துக் கேட்டான். போன் அலமாரியில்தான் இருக்கிறதாம், உறையைப் பிரிக்கவே இல்லையாம். நாலாம் நாள் 'ரோடு'. அன்று வாசனையும் வந்தது. ஏசி போட்ட மூடிய அறையில், உருகின தாரும் பெட்ரோலும் கலந்த வாசனை. பக்கத்து மேசைக்காரன் மூக்கை உறிஞ்சி, "யாருப்பா பெட்ரோல் கொட்டினது?" என்றான். ஏழாம் நாள் 'ரத்தம் வருது' வந்தபோது, மேசைக்கு அடியிலிருந்து மெல்லக் கேட்டது... டிக்... டிக்... டிக்... குனிந்து பார்த்தான். அவனுடைய செருப்புதான் இருந்தது. அதற்குள் கொஞ்சம் மணல்.

ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணினியைத் திறந்து பார்ப்பான். அவன் மனைவி, "எதுக்கு இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் எரிந்து விழுவான். வரிசை அவனுக்கு மனப்பாடம். பதின்மூன்றாம் நாள் 'அப்பா' வந்தது. பதினாலாம் நாள் காலி. அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. அந்தப் பெண் அனுப்பியது பதினாலு. நாளைக்கு வரப்போவது எது?

விடிந்தபோது பயம் போயிருந்தது. இருந்ததெல்லாம் ஆத்திரம். சுத்தத்தின் மேல் ஆத்திரம், தன்மேல் அதைவிடப் பெரிய ஆத்திரம். செத்தும் ஒருத்தி வந்து வாசலில் நிற்கிறாள், நான் இன்னும் அவளிடம் கதவு எண் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று பல்லைக் கடித்தான். இரண்டு மணிக்கு வீட்டு எண் விதியைத் திறந்தான். மொத்தமாக எடுத்தான். இரண்டு ஐந்துக்கு மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

சுத்தத்துக்குத் தகவல் போய், கத்திக்கொண்டே வந்தார்.

"யாரைக் கேட்டுடா விதிய எடுத்தே?"

"ரோட்டுல விழுந்தவளக் கேட்டு."

"என்னடா, திமிரா? வேலைய விட்டுத் தூக்கிடுவேன்!"

"தூக்குய்யா! நீ எழுதிக் குடுத்த பொய்யையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போ. பதினாலு தடவை கெஞ்சியிருக்காய்யா அந்தப் பொண்ணு. ரத்தம் வருதுன்னு எழுதியிருக்கா. அதுக்கு நாம, எண் மட்டும் போடுன்னு பதில் சொல்லியிருக்கோம். உனக்குச் சுத்தம் வேணுமா? போய் மொதல்ல கையக் கழுவு!"

அலுவலகமே எழுந்து நின்றது. சுத்தம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டங்.

இரண்டு பத்து.

அந்த எண். அந்தப் பெயர். வீட்டு எண் காலி. இந்த முறை திருப்பப்படவில்லை. திரையில் பச்சையாக ஒரு வரி எழுந்தது. ஏற்கப்பட்டது. பத்து வினாடி கழித்து இன்னொன்று. வண்டி புறப்பட்டது.

சுத்தம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சல்லடை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. படியில் இறங்கி வரவேற்பறைக்கு ஓடினான். பெரியவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிட்டாங்க ஐயா. உங்க பொண்ணு பதினாலு தடவை கூப்பிட்டாங்க. வீட்டு நம்பர் இல்லேன்னு நாங்க திருப்பி அனுப்பிட்டோம். அந்த விதிய எழுதினது நான்தான். அவங்க அனுப்பினத அழிச்சதும் நான்தான்."

பெரியவர் எழுந்தார். ஓங்கி ஓர் அறை விட்டார். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை. சல்லடைக்குக் காது அடைத்துவிட்டது.

"அந்த ரோட்டுல வீடே கிடையாதுடா! முப்பது வருஷம் அதுல பஸ் ஓட்டியிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா, பாவி!"

இன்னொரு அறை விழும் என்று நின்றான். விழவில்லை. இப்போது மறுபடி கூப்பிட்டிருக்கிறாள், வண்டி போயிருக்கிறது என்று சொன்னான். பைத்தியமா என்று பெரியவர் கேட்கவே இல்லை. "வண்டிய எடு" என்றார்.

பைக்கில் போனார்கள். கடைசி வீடு போயிற்று. வெயில். காற்றே இல்லை. வளைவில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது, பின்கதவு திறந்து. டிரைவர் தூரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய உதவியாளர் அம்மாவுக்கு நல்ல கோபம். கையுறையைக் கழற்றிக்கொண்டே சத்தம் போட்டார்.

"நீங்கதான் சொந்தக்காரங்களா? இவ்வளவு நேரம் எங்கய்யா இருந்தீங்க? கட்டு போட்டுட்டேன், ரத்தம் நிக்கல. ஏத்தினதுலேருந்து அந்தப் பொண்ணு ஒரே கேள்விதான் கேக்குது... ஏன் இவ்வளவு நேரம், ஏன் இவ்வளவு நேரம்னு. நான் என்ன பதில் சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க!"

சல்லடை உள்ளே எட்டிப் பார்த்தான். ஸ்ட்ரெச்சர். வெள்ளை விரிப்பு. மூன்று பெல்ட்டுகளும் இழுத்துப் பூட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே... ஒன்றும் இல்லை. காலி. தொடை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டு மட்டும், தொடை அளவுக்கு வட்டமாக, அந்தரத்தில் நின்றது.

"பேசிட்டுத்தானம்மா இருந்தாங்க?" என்றான்.

"இப்பவும்தான் பேசுது. காது கேக்கலையா உனக்கு?"

அவனுக்குக் கேட்கவில்லை. பெரியவருக்குக் கேட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று ஏறித் தலைமாட்டில் உட்கார்ந்தார். குனிந்து, "வந்துட்டேம்மா... அப்பா வந்துட்டேன்" என்றார். கதவு மூடிற்று. சைரன் கிளம்பிற்று. சல்லடை பைக்கில் பின்னாலேயே போனான்.

மருத்துவமனை வாசலில் பின்கதவைத் திறந்தார்கள். உதவியாளர் அம்மா ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பாதி வழியில் அவருக்கும் ஸ்ட்ரெச்சர் காலியாகத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பெரியவர் மட்டும் விரிப்பின் மேல் கை வைத்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டோடு ஒரு ஆள் ஓடி வந்து, "பேஷன்ட் எங்கே?" என்றான்.

பெரியவர் உதட்டில் விரல் வைத்தார்.

"இப்பத்தான் தூங்கினா. எவனாவது வந்து இவகிட்ட ஏதாவது கேட்டீங்க... கொன்னுடுவேன்."

யாரும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரை இறக்கத்தான் வேண்டும் என்று இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். ஆளில்லாத ஸ்ட்ரெச்சர்தானே என்று அலட்சியமாக ஒரு கையால் தூக்கினார்கள். அசையவில்லை. கனத்தது... மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு கனத்தது. இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது.