இடது பக்கம் இறக்கம்

கெலமங்கலத்தில் கிளம்பிய கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர். அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிறவன் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சா, எனக்கு இடது விதை கொஞ்சம் கீழ தொங்குது.”

“எல்லாருக்கும் அப்படித்தான்டா. டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன். நார்மல்னு சிரிக்கறாரு. சும்மா சமாதானத்துக்குச் சொல்றாரோன்னு டவுட்டு. சைஸும் ஒண்ணா இல்ல. ஒரே லாட்டுல ரெண்டு பீஸ் வேற வேற அளவுல வந்தா நீயே ரிஜெக்ட் பண்ணுவியே?”

“அது பீஸுடா, இது உடம்பு. ஆமா, சைஸ் ஒண்ணா இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“வெர்னியர் வெச்சு அளந்தேன்.”

“எந்த வெர்னியர்?”

“நம்ம லைன்ல பீஸ் அளக்க இருக்கறதுதான்.”



“அடப்பாவி, அதை வாயில கவ்விக்கிட்டுத்தானேடா நான் ரீடிங் எழுதறேன்!”