கைக்குட்டைக்குள்ள நாலு முட்டை

இல்லைங்க, நாலுதான். அஞ்சாவது அந்தத் தட்டுலயே இருக்கு பாருங்க. வேணும்னா கைக்குட்டையைப் பிரிச்சே காட்டுறேன். திருட்டுன்னு நெனச்சுடாதீங்க, ரூமோட சேத்துதான் காலைச் சாப்பாடுன்னு சொன்னாங்க. இங்கயே உக்காந்து சாப்பிட முடிஞ்சா நான் ஏங்க மூட்டை கட்டப்போறேன். நல்லவேளை, உங்களுக்குத் தமிழ் தெரியுது. தட்டு எடுக்கும்போது வாய்க்குள்ள என்னைத் திட்டுனீங்களே, அதுலதான் கண்டுபிடிச்சேன். பரவால்ல, இந்த ஊருக்கு வந்து காது குளிர்ந்தது அப்பதான்.

வயித்துல ஆபரேஷன் பண்ணிருக்கேங்க. இளைக்கிறதுக்குப் பண்ணுவாங்களே, அது. முக்கால்வாசி இரைப்பையை வெட்டி எடுத்துட்டாங்க. ஒரு முட்டை தின்னா ரெண்டு மணி நேரத்துக்கு வேற எதுவும் எறங்காது. அவசரப்பட்டு முழுங்குனா வேர்த்துக் கொட்டி, எல்லாம் வெளிய வந்துடும். ஆனா நாளைக்கு அறுபது கிராம் புரோட்டீன் உள்ள போயே ஆகணும். அதான் போன்ல ரெண்டு மணிக்கு ஒருதரம் அலாரம். அடிச்சா ஒரு முட்டை, இல்ல ஒரு துண்டு சீஸ்.

சிரிக்காதீங்க, நூத்திப் பன்னெண்டு கிலோ இருந்தவ நான். இப்ப எழுபத்தொண்ணு. தையக் கடை வெச்சிருக்கேன். என் ஜாக்கெட்டை நானே நாலு தடவை புடிச்சுத் தைச்சுட்டேன். இந்த வயசுல இவளுக்கு அழகு கேக்குதான்னு தெருவே பேசுச்சு. பேசட்டும்னு விட்டுட்டேன்.

புரோட்டீன் பவுடரா? கொண்டுவராம இருப்பேனா. பெரிய டப்பா பெட்டியில எடத்தை அடைக்குதேன்னு, நாளுக்கு ஒண்ணா குட்டிக் குட்டி கவர்ல கட்டி, மேல தேதி எழுதி வெச்சேன். தையக்காரி புத்தி, பட்டனைக் கட்டி வெக்கிற மாதிரி. வெள்ளைத் தூளு, பேரு ஊரு கெடையாது, முப்பது பொட்டலம். ஏர்போர்ட்டுல மூணு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. ஒரு ஆபீசர் மோந்து பாத்துத் தும்மித் தீத்துட்டாரு. கடைசியில ஆளை விட்டாங்க, பொட்டலத்தை விடல.

கடையில வாங்கலாம்னா என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும். தயிருன்னு படத்தைப் பாத்து ஒரு டப்பா வாங்கினேன், ஒரே இனிப்பு, இந்த வயித்துக்கு இனிப்பு ஆகாது. ரெண்டு ஸ்பூன்ல படபடன்னு வந்து கட்டில்ல சாஞ்சுட்டேன். முட்டைக்கு மட்டுந்தாங்க பாஷை தேவையில்ல.

வெளையாட்டுக்கு இல்லைங்க இவ்வளவும். வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறதா இருந்துச்சு. புரோட்டீன் கொறஞ்சிருந்தா ஆபரேஷன் கெடையாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஆமா, இன்னொரு ஆபரேஷன். எதிர்ல தெரியுதே, அந்த ஆஸ்பத்திரியில. என் தம்பி இந்த ஊர்ல வெல்டிங் வேலை பாக்குறவன். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. நான் ஒண்ணு தரணும். இவ்வளவு குண்டா இருந்தா எடுக்க மாட்டோம்னாங்க. அதுக்குத்தான் வயித்தை வெட்டிக்கிட்டது. தெருவுல இருக்கிறவங்களுக்கு இது தெரியாது.

வேற ஆளா? இருந்தாங்களே. தம்பி பொண்டாட்டியோட அக்கா. போன வருஷமே தரேன்னாங்க. ஊசி மாதிரி ஒல்லி, எல்லா டெஸ்ட்டும் பொருந்திடுச்சு, தேதிகூடக் குறிச்சாச்சு. நான்தான் விடல. கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் நான் இருக்கும்போது, பொண்ணு எடுத்த வீட்டுல கையேந்தணுமா, நாளைக்கு ஒரு பேச்சு வந்தா என் தம்பி தலை நிமிந்து நிப்பானான்னு போன்ல ஒரே சண்டை. அந்தம்மா ஒதுங்கிட்டாங்க. தம்பி என் பேச்சைத் தட்டுனதே இல்ல. நீ இளைக்க ஒரு வருஷம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. ஒரு வருஷந்தானே, டயாலிசிஸ்ல ஓட்டிடலாம்னு சொன்னது யாருன்னு நெனக்கிறீங்க. நான்தான்.

இருங்க, அடிக்குது. ஒரு வாய் போட்டுக்கறேன். முப்பது தடவை மெல்லணும். வேணாங்க, தண்ணி வேணாம், அரை மணி கழிச்சுத்தான் குடிக்கணும்.

என்னது? ஆமாங்க, இன்னிக்கு வெள்ளிதான். வியாழன் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு. இல்ல, ரத்தம் குடுக்கப் போகல.

செவ்வாக்கிழமை மத்தியானம் போயிட்டான். மிஷின்ல படுத்திருக்கும்போதே. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து சீஸ் தின்னுக்கிட்டிருந்தேன். அவன் பொண்டாட்டி ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலைங்க. சாப்டீங்களா அண்ணின்னு மட்டும் கேட்டா. பேப்பரெல்லாம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமைதான் அனுப்புறாங்க. ஒரே பிளைட்டுதான், அவன் கீழ, நான் மேல. அதுவரைக்கும் இந்த ரூமு இருக்கு.

இல்லைங்க, போனைத் தொடாதீங்க. அலாரத்தை நிறுத்தத் தெரியாம இல்ல. வந்த அன்னிக்கு அவன்தான் பக்கத்துல உக்காந்து வெச்சுக் குடுத்தான். மறந்துடாதக்கான்னான்.

அடுத்தது பதினொரு மணிக்கு அடிக்கும். அந்த அஞ்சாவதையும் எடுத்துக்கட்டுங்களா?