"வாறன்" என்றால் வரவில்லை

"குனிஞ்சு ஓடுங்கோ பிள்ளையள்! தலையைத் தூக்காதேங்கோ!"

கத்துவது நான்தான். ஓடிக்கொண்டே கத்துகிறேன். எனக்கு முன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள். மணி நிற்காமல் அடிக்கிறது. நிற்காமல் அடித்தால் பங்கருக்குள் போக வேண்டும். புதன்கிழமை. காலை பத்து பதினேழு. தூரத்தில் 'தும்' என்று ஒரு சத்தம். செல், எறிகணை, புறப்பட்டுவிட்டது. இனிப் பதினைந்து வரை எண்ணலாம். அதற்குள் எல்லாரும் மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

கோப்பாய்ப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தொண்டர் ஆசிரியை. பங்கர் மாமரத்தின் கீழ் இருந்தது. மேலே பனங்குற்றி. அதற்கு மேல் மண்மூட்டை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொறுப்புக் கொடுத்திருந்தேன். மருந்துப் பெட்டி ஒருத்திக்கு. அரிக்கன் லாம்பு ஒருவனுக்கு. தண்ணீர்க் கான் ரஞ்சினிக்கு. ஒன்பது வயது. முன்பல் இரண்டும் பெரிது. வாய் ஓயாது. வரவு இடாப்பு என் பொறுப்பு. உள்ளே போனதும் பெயர் கூப்பிட்டுச் சரி போட வேண்டும். பள்ளிக்கூட அதிபர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

உள்ளே இருட்டு. வாசல் வெளிச்சத்தில் இடாப்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். "ஓம் ரீச்சர்." "ஓம் ரீச்சர்." பிறகு ரஞ்சினி என்றேன்.

"வாறன் ரீச்சர்!"

சரி போட்டேன்.

எங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் வருகிற பதில் அது. அடுப்படியில் கைவேலையாக இருப்பவளும் 'வாறன்' என்பாள். ஆள் இன்னும் வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்குத் தெரியாதா? பிறந்த நாள் முதல் கேட்கிற சொல். அன்று என் காது குரலை மட்டும் கேட்டது. சொல்லைக் கேட்கவில்லை. குரல் வந்தது வெளியிலிருந்து. வகுப்புக்குப் பின்னாலிருந்த கிணற்றடியிலிருந்து. கான் வெறுமையாக இருந்திருக்கிறது. நிரப்பப் போயிருக்கிறாள்.

முதல் செல் தோட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது மிகக் கிட்ட. காதுக்குள் 'ங்' என்று ஓர் இரைச்சல். பிறகு மாங்காய்கள் பொலபொலவென்று விழும் சத்தம். பிள்ளைகள் அழக்கூட இல்லை.

பத்து முப்பது. ரஞ்சினியின் தாய் ஓடி வந்தார். வாசலில் நின்று கத்தினார்.

"ரீச்சர்! என்ரை பிள்ளை உள்ளுக்கையோ?"

நான் இடாப்பைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

"ஓம் அக்கா, உள்ளுக்கைதான்! நீங்கள் ஓடுங்கோ!"

வீட்டில் கைக்குழந்தை தனியே. "முருகா" என்று நெஞ்சில் கை வைத்தார். திரும்பி ஓடிவிட்டார்.

பத்து ஐம்பதுக்குச் சத்தம் அடங்கியது. வெளியே வந்த பிறகுதான் ரஞ்சினியைக் கிணற்றடியில் கண்டோம். தொடையில் காயம். உயிர் இருந்தது. சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனோம். டொக்டர் ஒன்றுதான் கேட்டார். எவ்வளவு நேரமாக இரத்தம் போகிறது என்று கேட்டார். மத்தியானம் பிள்ளை போய்விட்டாள்.

இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. வேறு பள்ளிக்கூடம். அனர்த்த முகாமைத்துவத்துக்கு நான்தான் பொறுப்பு. நெருப்பு, வெள்ளம், டெங்கு நுளம்பு, மரத்தில் குளவி, எல்லாம் என் தலையில். மாதம் ஒருமுறை மணி அடித்து ஒத்திகை வைக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் பங்கர் ரீச்சர். தெரியும். மூக்கு நுனியில் கோபம் என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

போன கிழமை ஒத்திகை. மைதானத்தில் எல்லாரும் வரிசையில். புதிதாக வந்த இளம் ஆசிரியை பெயர் கூப்பிடுகிறாள். கழிவறைப் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது.

"வாறன் மிஸ்!"

அவள் சரி போடுகிறாள். நான் அவளிடம் ஓடுகிறேன்.

"வெட்டும்! அந்தச் சரியை வெட்டும்!"

மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ ரீச்சர், உது ஒத்திகைதானே?"

"ஒத்திகைதான். வாறன் எண்டால் இன்னும் வரேல்லை, பிள்ளை. தலையைத் தொட்டுப்போட்டுச் சரி போடும்."

பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தலை தொட்டுத்தான் எண்ணுகிறோம்.

ரஞ்சினியின் தாய் இன்னும் இருக்கிறார். மருதனார்மடம் சந்தையில் சிலவேளை காண்பேன். "சுகமே ரீச்சர்?" என்று கேட்பார். ஏன் அன்றைக்கு உள்ளே இருக்கிறாள் என்று சொன்னீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த இருபது நிமிடத்தில் அவர் தேடியிருந்தால் பிள்ளை தப்பியிருப்பாளோ? கேட்டுத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காமல் விட்டதுதான் என்னைக் கொல்கிறது. அவர் கேட்காததற்கு நான் இங்கே பதில் எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை, அக்கா. எண்ணவில்லை.

அன்று போனவை இவை. மாமரத்தில் பாதி. கிணற்றுத் துலா ஒன்று. வகுப்புக் கூரையின் ஓடுகள், எண்ணவில்லை. இடாப்பில் முப்பத்தொரு சரி. பங்கருக்குள் முப்பது பிள்ளைகள். தண்ணீர்க் கான் தப்பியது. கவிழாமல் நின்றது. கழுத்துவரை நிரப்பி மூடியும் போட்டிருந்தாள். போனது ரஞ்சினி ஒருத்தி.