பழைய பாசாரில் பத்து நாற்காலி

நவமணி: பத்து போட்டாச்சு. போதும்.

வசீகரன்: பத்துதான்க்கா வேணும். காலேஜ் பக்கம் அஞ்சு, சங்கத்துப் பக்கம் அஞ்சு.

நவமணி: அதான் எண்ணிப் போட்டேன்ல.

வசீகரன்: எண்ணித்தான் போட்டீங்க. ஆனா உங்க பக்கத்து நாற்காலிய மட்டும் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி...

நவமணி: காத்து வரட்டும்னு.

வசீகரன்: சந்தையா இருந்த இந்தப் பாசார்ல சுவரே பாதிதான் இருக்கு. காத்துக்கா பஞ்சம்?

நவமணி: வாத்தியாருக்கு இன்னிக்கு வாய் ஜாஸ்தி.

வசீகரன்: மணி மூணே முக்கால் ஆச்சு. உங்க ஆளுங்க யாரையும் காணோம்.

நவமணி: நாலு மணிக்குத்தானே அந்தம்மா வராங்க.

வசீகரன்: முனிசிபல் மஜ்லிஸ் ஆபீசர் நித்தியா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேரு நேர்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் மஜ்லிஸ் இந்தக் கட்டடத்த மூணு வருசத்துக்கு நமக்குத் தரும். இல்லேன்னா...

நவமணி: இல்லேன்னா திங்கக்கிழமை இடிச்சுட்டு கார் நிறுத்துற இடம் ஆக்கிடுவாங்க. தெரியும் லா. எத்தன தடவ சொல்வீங்க?

வசீகரன்: இது மூணாவது தடவ.

நவமணி: நாலாவது. ஒரு வருசமா இந்தத் தகரக் கொட்டாய நான் தலையில தூக்கிச் சுமக்கிறேன். பிள்ளைங்களுக்கு டியூசன், பொம்பளைங்களுக்குத் தையல், யாராச்சும் செத்துப்போனா காரியத்துக்கு ஒரு இடம்... எனக்குத் தெரியாதா?

வசீகரன்: கோவிச்சுக்காதீங்க.

நவமணி: உங்க பசங்க எங்க?

வசீகரன்: நாலு பேரும் வந்துட்டாங்க. வெளிய வேலையா இருக்காங்க. என்னோட சேர்த்து அஞ்சு. எங்க பக்கம் சரி.

நவமணி: எங்க பக்கமும் சரிதான்.

வசீகரன்: அப்படியா? சுகுமாரன் அண்ணன் எங்க?

நவமணி: அவரு... ரவாங் போயிருக்காரு. கார் ரிப்பேரு. நேரா இங்க வந்துடுவாரு.

வசீகரன்: காலையில மீன் வாங்கிட்டு நின்னாரே. பார்த்தேன்.

நவமணி: வாங்கிட்டுப் போயிருப்பாரு.

வசீகரன்: மீனோடவா? ரவாங்குக்கா?

நவமணி: ஐஸ் போட்டு வச்சிருப்பாரு.

வசீகரன்: சரி. கங்கா அக்கா?

நவமணி: புக்கிட் செந்தோசால மக வீட்டுல விசேஷம். முடிச்சுட்டு ஓடி வரேன்னாங்க.

வசீகரன்: என்ன விசேஷம்?

நவமணி: பரிசம்.

வசீகரன்: அவங்க மகளுக்குத்தான் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க ஆச்சே.

நவமணி: ...நாத்தனாருக்கு.

வசீகரன்: நல்லது. அர்ஜுனன் மாமா?

நவமணி: கால் வீக்கம். ஆனா வந்துடுவாரு. மோட்டர் சைக்கிள்ல ஏத்திட்டு வரச் சொல்லியிருக்கேன்.

வசீகரன்: யார?

நவமணி: துளசிய.

வசீகரன்: துளசிக்கு மோட்டர் ஓட்டத் தெரியாதே.

நவமணி: இப்பதான் பழகறா! என்ன சார் இது, போலீஸ்காரன் மாதிரி கேள்வி மேல கேள்வி?

வசீகரன்: சும்மாதான்க்கா.

நவமணி: எஸ்டேட்டுக் கணக்கு எழுதுன கிராணி வீட்டுப் பிள்ளைன்னா சும்மாவா... உங்க தாத்தா காலையில பேரு கூப்பிடுவாராம், எங்கப்பா சொல்லும். ஒரு ஆளு குறைஞ்சாலும் விடமாட்டாராம்.

வசீகரன்: அவரு சம்பளத்தப் பிடிப்பாரு. நான் தேத்தண்ணி வாங்கித் தரேன். உட்காருங்க.

நவமணி: தேத்தண்ணி வேணாம்.

வசீகரன்: அப்ப உண்மையச் சொல்லுங்க.

நவமணி: எந்த உண்மை?

வசீகரன்: போன மாசம் சுவருக்குச் சாயம் அடிக்க வந்தோம். சங்கத்துலேருந்து பதினஞ்சு பேரு வராங்கன்னு சொன்னீங்க.

நவமணி: ஆமா.

வசீகரன்: பதினஞ்சு பிரஷோட நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க.

நவமணி: அன்னிக்கு மழை.

வசீகரன்: மழையே இல்லக்கா. நல்ல வெயிலு. என் கழுத்து தோலுரிஞ்சுபோச்சு.

நவமணி: நாலு நாற்காலிய எடுத்துடலாமா சார்?

வசீகரன்: எதுக்கு?

நவமணி: யாரும் வரமாட்டாங்க.

வசீகரன்: யாருமேவா?

நவமணி: சங்கம் உடைஞ்சு மூணு மாசம் ஆச்சு. செயலாளர் சுகுமாரன், பொருளாளர் கங்கா, எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு மாசமா உங்ககிட்ட போன்ல "கமிட்டி கூடிப் பேசுனோம், கமிட்டி முடிவு பண்ணுச்சு"ன்னு சொன்னேனே... அந்தக் கமிட்டி நான்தான். அடுப்படியில நின்னு நானே கேப்பேன், நானே பதில் சொல்வேன்.

வசீகரன்: சண்ட கிண்ட வராதா?

நவமணி: சிரிக்காதீங்க சார். ஒரு தடவ வந்துச்சு.

வசீகரன்: யாரு ஜெயிச்சா?

நவமணி: தள்ளி வச்சுட்டேன்.

வசீகரன்: ஏன்க்கா உடைஞ்சுது? காசு விசயமா?

நவமணி: சே! காசு இருந்தாத்தானே. பலகை.

வசீகரன்: என்ன பலகை?

நவமணி: பேரு போட்ட பலகை. பாசார் நமக்குக் கிடைச்சா வாசல்ல சங்கத்துப் பேர மாட்டணும்ல? நாங்க நாலு எஸ்டேட்டு ஆளுங்க. சுங்கை மாவார், ஹோல்ம்வுட், புக்கிட் மெலோர், ரெட்பர்ன். நாலையும் வித்தாச்சு. எல்லாரும் இப்ப ஒரே தாமான் குடியிருப்புல இருக்கோம். ஒரே குப்பைத் தொட்டி, ஒரே ஆட்டுக் கறிக்கடை. பேரு மட்டும் நாலு.

வசீகரன்: சரி, நாலையும் போட வேண்டியதுதானே.

நவமணி: எத முதல்ல போடுறது?

வசீகரன்: ஓ...

நவமணி: ரூமி எழுத்து, ஏ பி சி வரிசைன்னா புக்கிட் மெலோர் முதல்ல. அர்ஜுனன் கை தட்டுறாரு. தமிழ் எழுத்து வரிசைன்னா சுங்கை மாவார். சுகுமாரன் கை தட்டுறாரு. தமிழ்ச் சங்கத்துக்கு என்னாத்துக்கு ரூமின்னு ஒருத்தரு, மஜ்லிஸ்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமான்னு இன்னொருத்தரு.

வசீகரன்: சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே.

நவமணி: போட்டோம். ஹோல்ம்வுட் வந்துச்சு. குலுக்குனது யாரு? கங்கா. கங்கா எந்த எஸ்டேட்டு? ஹோல்ம்வுட். அவ்வளவுதான்.

வசீகரன்: அய்யய்யோ.

நவமணி: கங்கா விடல. "முதல்ல எங்கள விரட்டுனாங்க, பலகையிலயும் நாங்கதான் முதல்ல"ன்னா. அதுக்கு ரெட்பர்ன்காரங்க எழுந்து, "முதல்ல ஓடுனது பெருமையா? கடைசி லயத்து வீட்ட இடிக்கிறவரைக்கும் உள்ள நின்னது நாங்க. கரண்டு வெட்டி, தண்ணி வெட்டி, பதினோரு மாசம் மழைத்தண்ணியப் பிடிச்சுக் குடிச்சது நாங்க!"ன்னு ஒரே கத்து. நாற்காலி சரிஞ்சுது. கங்கா அழுதுட்டா. எல்லாரும் செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிட்டாங்க.

வசீகரன்: கத்துனது துளசியா? ரெட்பர்ன் பிரதிநிதி அவங்கதானே.

நவமணி: யாரோ. அந்தக் கூட்டத்துல யாருன்னு தெரியல.

வசீகரன்: நீங்க எந்த எஸ்டேட்டுக்கா? நான் கேட்டதே இல்ல.

நவமணி: நான் தலைவி. எனக்கு எஸ்டேட்டு கிடையாது.

வசீகரன்: இந்த ஊர்ல எஸ்டேட்டு இல்லாத ஆளா?

நவமணி: பேச்ச மாத்தாதீங்க.

வசீகரன்: எஸ்டேட்டுப் பேரே வேணாம், சும்மா "மக்கள் மண்டபம்"னு போட்டுடலாமே?

நவமணி: நல்லா இருக்கே. வீடும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. கோயிலக்கூட லோரில ஏத்திக் கொண்டாந்து வேற இடத்துல இறக்கி வச்சாச்சு. பேராச்சும் ஒரு பலகையில நிக்கட்டும்னுதானே சார் இந்தப் பாசாரையே கேட்டோம்.

வசீகரன்: ...சரிதான்க்கா.

நவமணி: உங்க போன் அடிக்குது.

வசீகரன்: நித்தியா. ஹலோ... ஆமா ஆமா, இங்கதான் இருக்கோம்... எங்க வரீங்க? ஓ... பத்துப் பேருமா? வந்துடுவாங்க, வந்துடுவாங்க... ஓகே.

நவமணி: எங்க வராங்க?

வசீகரன்: இஜோக் தாண்டிட்டாங்க. இன்னும் அஞ்சே நிமிசம்.

நவமணி: ஏன் சார் வந்துடுவாங்கன்னு சொன்னீங்க? நான் சொன்னதக் கேட்டீங்கதானே?

வசீகரன்: வாய் தவறி வந்துடுச்சு.

நவமணி: நான் அந்தம்மா கால்ல விழுறேன். ஒரு மாசம் தவணை கேக்குறேன்.

வசீகரன்: தர மாட்டாங்க. போன தடவையே தவணை வாங்கிட்டோம்.

நவமணி: அப்ப ரோட்டுல போற நாலு பேரப் பிடிச்சு உட்கார வைப்போம். கடைக்கார ஆச்சோங் வருவாரு.

வசீகரன்: ஆச்சோங் எந்த எஸ்டேட்டு?

நவமணி: விளையாடாதீங்க சார். உங்க பசங்களுக்கு எப்படி முகத்தக் காட்டுவேன்? கூரை போட்டுக் குடுத்தாங்க, ஒயரிங் பண்ணிக் குடுத்தாங்க. அந்தப் பிள்ளைங்களோட பரீச்ச வேலையாமே இது. இடிச்சுட்டா மார்க்கு எங்கேருந்து வரும்?

வசீகரன்: அக்கா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க.

நவமணி: எங்க?

வசீகரன்: ஆத்துப் பக்க வாசல்.

நவமணி: யாரு அது... சுகுமாரன் அண்ணனா?

வசீகரன்: ரவாங்லேருந்து வந்துட்டாரு போல.

நவமணி: சும்மா இருங்க சார்! நெஜமாவே அவரா? ஏன் வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாரு?

வசீகரன்: கோயில் பக்கம் பாருங்க.

நவமணி: கங்கா! பட்டுச்சேல கட்டிட்டு வரா... நெஜமாவே பரிசமா?

வசீகரன்: அது நீங்க கட்டுன கதைக்கா.

நவமணி: கங்காவும் அண்ணாந்து பாக்குறா. எங்க கூரையில என்ன இருக்கு?

வசீகரன்: கடைத்தெருப் பக்கம் அர்ஜுனன் மாமா.

நவமணி: கால் நல்லாத்தானே இருக்கு அவருக்கு!

வசீகரன்: வீங்க வச்சது நீங்கதானே.

நவமணி: ரோட்டுப் பக்கம் துளசி. போன எடுத்து வாசல போட்டோ பிடிக்கிறா. சார்... என்ன நடக்குது இங்க? நான் வாசல்ல நின்னாலே இவங்க வேற பக்கம் திரும்பிப் போற ஆளுங்க.

வசீகரன்: நான் போய்க் கூப்பிட்டேன்.

நவமணி: எப்ப?

வசீகரன்: சாயம் அடிச்ச மறுநாள். பதினஞ்சு பிரஷ் பார்த்ததுமே ஏதோ சரியில்லன்னு தோணுச்சு. நாலு வீட்டுக்கும் போனேன். நாலு வீட்லயும் சாப்பிட்டேன்.

நவமணி: மூணு வாரமா தெரிஞ்சுக்கிட்டேவா இன்னிக்கு என்னைய அந்தக் கேள்வி கேட்டீங்க? மீனு, பரிசம்...

வசீகரன்: உங்க பதில் நல்லா இருந்துச்சு. நிறுத்த மனசு வரல.

நவமணி: அடப்பாவி! சரி, என்ன சொல்லிக் கூட்டியாந்தீங்க?

வசீகரன்: உங்க எஸ்டேட்டுப் பேருதான் முதல்ல வரும்னு சொன்னேன்.

நவமணி: யாருகிட்ட?

வசீகரன்: நாலு பேருகிட்டயும்.

நவமணி: அலமாக்! போச்சு. இப்ப உள்ள வந்து அடிச்சுக்கப் போறாங்க. அந்தம்மா வேற வர நேரம்...

வசீகரன்: அடிச்சுக்க மாட்டாங்க. பாசாருக்கு எத்தன வாசல்?

நவமணி: நாலு.

வசீகரன்: பலகையும் நாலு. ஒவ்வொண்ணுலயும் நாலு பேரும் இருக்கு, முதல் பேரு மட்டும் வேற வேற. பசங்க இப்பதான் மாட்டி முடிச்சாங்க.

நவமணி: அவங்களுக்குத் தெரியாம ஒளிச்சா மாட்டுனீங்க?

வசீகரன்: ஒளிக்கலக்கா. நாலு பலகைன்னு நாலு வீட்லயும் சொல்லித்தான் கூப்பிட்டேன். யாரும் மறுக்கல. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "எனக்கு எந்த வாசல்?"

நவமணி: இத ஏன் சார் எனக்கு முன்னயே சொல்லல?

வசீகரன்: வருவாங்களான்னு எனக்கே கடைசிவரைக்கும் தெரியாது. உங்களுக்கு ஆசை காட்டிட்டு யாரும் வரலேன்னா?

நவமணி: அதுக்கு நாத்தனாருக்குப் பரிசம் போட வச்சீங்களா...

நித்தியா: வணக்கம், வணக்கம். லேட் ஆயிடுச்சா?

நவமணி: இல்லம்மா, வாங்க. உட்காருங்க. இந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், அதுல வேணாம்.

நித்தியா: எட்டு... ஒம்பது... பத்து. சரியா இருக்கு. நல்ல வேள. கோப்ப இன்னிக்கே முடிக்கணும்னு எங்க ஆபீஸ்ல ஒரே நெருக்கடி. அது சரி, இவங்க நாலு பேரும் ஏன் நாலு பக்கத்துலேருந்து வராங்க?

நவமணி: காத்தோட்டம்மா.

நித்தியா: வெளிய பலகையெல்லாம் பார்த்தேன். ஒரே கட்டடத்துக்கு எதுக்கு நாலு?

வசீகரன்: பலகை இத்தனதான் இருக்கணும்னு விதி இருக்கா?

நித்தியா: அப்படி எதுவும்... இல்ல. சரி, கையெழுத்துப் போடலாம். யாரு முதல்ல?

வசீகரன்: அய்யோ, அத மட்டும் கேக்காதீங்க! வட்டமா ஒரே நேரத்துல போடட்டும். பத்துப் பேனா இருக்கு.

நித்தியா: பத்துப் பேனாவா! சரி, வாங்க எல்லாரும்.

நவமணி: சார், ஒரு நிமிசம் இங்க வாங்க.

வசீகரன்: அந்தம்மா காத்திருக்காங்கக்கா.

நவமணி: ரெட்பர்ன் முதல்ல இருக்கிறது... எந்த வாசல்?

வசீகரன்: ரோட்டுப் பக்கம். அதான் துளசி போட்டோ பிடிச்சாங்களே. உங்களுக்கு எதுக்குக்கா? நீங்கதான் எஸ்டேட்டு இல்லாத ஆளாச்சே.

நவமணி: அன்னிக்கு எழுந்து கத்துனது துளசி இல்ல சார். நான்தான்.