கயிற்றைக் கீழே இறக்குங்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் மன்றத் தலைவர் அவர்களே! அனுபவத்தில் கனிந்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சன்னலில் தொற்றிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! தையற்காரி ஒருத்தியின் வணக்கம்.

மதம் சமுதாயத்தை வளர்த்ததா, வாட்டியதா? இதுதான் தலைப்பு. வளர்த்தது என்றார் எனக்கு முன் பேசிய மருத்துவர். வாட்டியது என்றார் வழக்கறிஞர். இருவருக்கும் கைதட்டினீர்கள். நல்ல மனசு உங்களுக்கு!

நான் ஏடுகளைப் புரட்டப் போவதில்லை. நம் தலைக்கு மேலே தொங்குகிறதே, இந்த வழிபாட்டுக் கூடத்தின் பெரிய மணி, அதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எதிரே இருக்கும் தையல் கம்பெனியில் எங்களுக்கு ஓய்வு ஏது? மூச்சுவிட நேரம் ஏது? இந்த மணி ஒலித்தால்தான் மெஷின்கள் நிற்கும். எந்தச் சட்டத்துக்கும் பணியாத முதலாளி இந்த மணிக்குப் பணிந்தார். எனக்கு எழுத்தறிவித்தது எது? இதே கூடத்தின் மாலைப் பள்ளி. நன்றி மறப்பேனா? மறக்க மாட்டேன்.

ஆனால், மணிக்கயிற்றை, பரம்பரையாக மணியடிக்கும் மணிக்காரர் குடும்பத்து ஆண்கள் மட்டுமே தொடலாம் என்பது விதி. பிறர் கை படக் கூடாதென்று, எட்டாத உயரத்தில் கொக்கியில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, கம்பெனியின் பின்பக்கம் புகை எழுவதைக் கண்டார். ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினார். மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மணிக்காரரைத் தேடினார்; அவர் வெளியூர் போயிருந்தார். நாற்காலி மேல் ஏறினார். தூசி துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். இழுத்தார்!

"இந்த நேரத்துல என்ன மணி?" என்று முணுமுணுத்தார் எங்கள் மேற்பார்வையாளர். ஆனாலும் பழக்கம் விடுமா? மெஷின்களை நிறுத்தினார். இரைச்சல் அடங்கிய பிறகுதான் உள்ளறையில் துணி எரியும் சடசடப்பு எங்கள் காதில் விழுந்தது. ஓடினோம். ஒருவர் விடாமல் உயிர் பிழைத்தோம்.

அடுத்து நடந்தது என்ன? பாராட்டா? பரிசா? அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்! துணி சுற்றித் தொட்டால் அது தொட்டதாகுமா, ஆகாதா என்று இந்தக் கூடத்தை நடத்தும் மன்றக் குழு கூடிக் கூடிப் பேசியது. சிரிக்காதீர்கள் அம்மா, அவர்கள் சிரிக்காமல்தான் பேசினார்கள்.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "ஐயா, கயித்த நான் தொடலீங்க. துணிதான் தொட்டுச்சு. விதிய மீறக் கூடாதுன்னுதான் சுத்திக்கிட்டேன்."

தீ எரியும்போதும் விதியைக் காத்தாரே! அந்த விதி அவரைக் காத்ததா?

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், "அப்ப மணியே வேணாங்கிறீங்களா?" என்று. இல்லை தம்பி! மணி இல்லாவிட்டால் நான் இங்கே நின்று பேசுவது ஏது? மணியைத் தொங்கவிட்டதும் மதம். கயிற்றை உயரக் கட்டியதும் மதம். தொங்கவிட்ட கைகளை வணங்குவோம்! கட்டிய முடிச்சை அவிழ்ப்போம்!

நாளை குழு தீர்ப்புச் சொல்லப் போகிறது. அதோ, உள்ளே வர அனுமதியில்லாமல் வாசலுக்கு வெளியே நிற்கிறார் அக்கா. அவரை அழையுங்கள். விளக்குமாற்றைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. கயிற்றைக் கீழே இறக்குங்கள், சின்னக் குழந்தைக்கும் எட்டும்படி!

இதோ, நேரம் முடிந்ததென்று தலைவர் மேசை மணியை அடித்துவிட்டார். கட்டுப்படுகிறேன், தலைவரே. அன்றும் மணி கேட்டுத்தான் நிறுத்தினோம். உயிரோடு வெளியே வந்தோம். பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. வாசலில் நிற்கும் அக்காவுக்கு என் வணக்கம்.