நீலத்தைப் பற்றி எழுதாமல் விட்ட வரி

“இந்த மூண்டிலயும் எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லுவியா புள்ள?” என்று காலிதீன் ஹாஜியார் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டுப் படியில் நின்று, செருப்பைக் கழற்றாமலே கேட்டார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். “ஓம்” என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. உம்மாதான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

என்னிடம் யாரும் எதையும் பார்த்துச் சொல்லச் சொல்வதில்லை. பத்தாம் ஆண்டு படிக்கும்போது காலைக் கூட்டத்தில் ஏதோ வாசிக்கச் சொன்னார்கள். தாளைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன், குரல் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் கைபேசியில் எழுதுவதற்குக் குரல் தேவையில்லை. அதனால் ஹாஜியார் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்.

சாய்ந்தமருதில் அவருக்குத் தண்ணீர் பில்டர் பூட்டிக்கொடுக்கும் கடை. பில்டரைப் பூட்டினால் போதாது. சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் உள்ளே இருக்கும் பஞ்சை மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் திரிந்தார்கள். றிஸ்மி கடற்கரைப் பக்கம். பர்ஸான் உட்பக்கம், இறக்காமம், மத்திய முகாம் போன்ற ஊர்கள், அதற்கும் அப்பால் வயலுக்கு நடுவே இருக்கும் வீடுகள். வீட்டுக்காரர்கள் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் எழுதி, யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருவருக்கும் சொல்வது என் வேலை. வீட்டிலிருந்தே செய்தேன். முகம் காட்டத் தேவையில்லை.

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நடந்தது. பஞ்சு மாற்றிய படமும், வெள்ளிக்கிழமை வாழ்த்தான ஜும்ஆ முபாறக் பூக்களும், றிஸ்மி பாதையில் வாங்கிய மாம்பழத்தின் படமும் ஒன்றாகக் கிடக்கும். ஒரு வீட்டின் பெயர் சலாம் படங்களுக்குக் கீழே புதைந்துபோய், அந்த வீட்டாரின் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஹாஜியார் ஒழுங்கான ஒரு செயலியைத் தேடினார். அவருடைய மருமகன் கொழும்பிலிருந்து மூன்றின் பெயரை அனுப்பினார். மூன்றும் இணையத்திலேயே இருக்கும் அலுவலகங்கள். கடிதம், அட்டவணை, நாட்காட்டி எல்லாம் உள்ளே உண்டு. பாதையில் திரிகிறவர் கைபேசியில் எழுதுவதை வீட்டில் இருப்பவர் அப்போதே பார்க்கலாம்.

அவற்றின் பெயர்களை நான் இங்கே சொல்லவில்லை. குற்றம் அவற்றினுடையதல்ல. திரையில் தெரியும் சின்னங்களின் நிறத்தை வைத்து நான் அவற்றைச் செம்மஞ்சள், பச்சை, நீலம் என்று கூப்பிட்டேன்.

வீட்டில் சிக்னல் நன்றாக வரும். அங்கே மூன்றும் நல்ல பிள்ளைகள். சோதிக்க வேண்டியது சிக்னல் இல்லாத இடத்தில். அதைப் பர்ஸான் செய்தார். மூன்றையும் தன் பழைய கைபேசியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் மூன்றிலும் எழுதிப் பார்த்து, சிக்னல் கிடைக்கும் சந்திக்கு வந்ததும் எனக்குக் குரலில் சொல்லி அனுப்புவார்.

“தங்கச்சி, செம்மஞ்சள் மௌத்து, செத்தே போச்சு. வெள்ளைத் தாளக் காட்டிட்டுப் படுத்திட்டு. ஜனாஸா எடுக்கலாம்.”

பிறகு இன்னொன்று. “பச்ச நல்ல புள்ளதான், ஆனா சோம்பேறி. அது திறக்கிறதுக்குள்ள வீட்டுக்கார உம்மா எனக்குப் பிளேன்டீ ஊத்தி, குடிச்சும் முடிச்சிட்டன்.”

அவை எல்லாவற்றையும் நான் பலமுறை கேட்டேன். வேலைக்காகத்தான் கேட்டேன் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

நீலத்தைப் பற்றியும் அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. “நீலம் பாக்க வடிவு, கெதியாத் திறக்குது, தமிழும் உடையாம வருது. ஆனா ஒரு பிழை இரிக்கி. நான் காலைல வயலுக்க எழுதினது, பின்னேரம் சிக்னல் வந்த நேரத்துலதான் எழுதின மாதிரிக் காட்டுது. பச்ச ரெண்டு நேரத்தையும் காட்டுது. இத மறக்காம ஹாஜியாருக்கு எழுதிப் போடு தங்கச்சி. இல்லாட்டி நான் வீட்டுல படுத்துக் கிடந்துட்டு எழுதின மாதிரிப் போயிடும்.”

“ஓம் காக்கா” என்று, அண்ணனைக் கூப்பிடுவது போல, பதில் எழுதினேன்.

நீல நிறத்தின் அந்தக் குறை றிஸ்மியைத் தொடாது. கடற்கரை முழுக்கச் சிக்னல் உண்டு. அது ஒரே ஒரு ஆளை மட்டும் தொடும். இது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று நான் எங்கும் சொல்லப் போவதில்லை.

அந்தக் கிழமைதான் ஹாஜியாரின் மனைவி முனவ்வறா மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அக்கா இன்ஷிரா ராத்தாவுக்குப் பர்ஸானை மாப்பிள்ளையாகப் பேச வந்தார். பர்ஸான் நல்ல பொடியன், தொழுகை தவறாதவன், சீதனம் என்று வாய் திறக்காதவன் என்றார். உம்மா அழுதுவிட்டார். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நல்ல கதை அதுதான். ராத்தா குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினாள்.

அடுத்த முறை வந்தபோது பர்ஸான் படியில் நின்று சீலையைப் பார்த்துச் சொன்னார்: “இனி தங்கச்சி இல்ல. மச்சி எண்டுதான் கூப்பிடணும் போல.”

மனைவியின் தங்கையை எங்கள் பக்கம் மச்சி என்பார்கள். உம்மா சிரித்தார். நானும் சீலைக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

வேறு ஊர்களில் கல்யாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மூத்தவளுக்கு. உம்மாவும் நானும் பின்பக்கத்து அறைக்கு மாறுவோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பின்பக்கம் எனக்குப் பழகியதுதான். ஆனால் அவர் இந்த வீட்டுக்கு வருவார். அவருடைய செருப்பு எங்கள் படியில் கிடக்கும். அவருக்கு நான் சோறு போட்டு அனுப்புவேன். சுவருக்கு அப்பாலிருந்து அவர் ராத்தாவோடு கதைப்பது கேட்கும், அந்தப் பகிடிகள் எல்லாம் கேட்கும். ராத்தா கல்யாணம் முடித்து வெளியூருக்குப் போகிறவளாக இருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். இதை நான் நம்புகிறேன்.

ஹாஜியாருக்கான குறிப்பை அதற்கடுத்த நாள் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. செம்மஞ்சள் சிக்னல் இல்லாவிட்டால் திறக்காது, வேண்டாம். பச்சை பாரமானது, பழைய கைபேசிகளில் தாமதம், தமிழ் எழுத்து சில இடங்களில் உடைகிறது. நீலம் இலகுவானது, சிக்னல் இல்லாவிட்டாலும் எழுதலாம், தமிழ் சரியாக வருகிறது, படமும் சேர்க்கலாம். ஆகவே நீலம் நல்லது.

அதில் ஒரு பொய்யும் இல்லை. இப்போது எடுத்து வாசித்தாலும் எல்லாம் உண்மைதான். ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

“ஏஎல் வரைக்கும் படிச்ச புள்ளயளும் இப்பிடி எழுதா” என்றார் ஹாஜியார். அந்தப் புகழ்ச்சியை நான் வாங்கிக்கொண்டேன்.

நீலம் நன்றாகவே வேலை செய்தது. எந்த வீடும் தவறவில்லை. நோன்பு முடிந்து பெருநாளும் போனது. பிறகு ஒருநாள் ஹாஜியார் கடையில் இருந்து பட்டியலை நேரப்படி அடுக்கிப் பார்த்திருக்கிறார். றிஸ்மியின் வேலைகள் பகல் முழுக்கப் பரவிக் கிடந்தன. பர்ஸானின் வேலைகள் எல்லாம் மஃரிப் தொழுகையை அண்டிய, பொழுது சாயும் நேரத்தில் ஒரே கட்டாகக் கிடந்தன. ஒரு மனிதன் நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, பின்னேரம் குந்தியிருந்து எல்லா வீட்டுக்கும் அடையாளம் போட்டது போலவே இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஹாஜியார் நல்ல மனிதர். சிறுநீரக வருத்தம் பரவியிருக்கும் உட்பக்க வீடுகளில் பஞ்சு மாற்றாமல் மாற்றினதாகச் சொல்வது அவருக்குச் சின்ன விஷயமில்லை. “தண்ணி அமானிதம்” என்று, நம்பி ஒப்படைத்த பொருள் என்று, அடிக்கடி சொல்வார். பர்ஸானைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். படியில் நின்று பர்ஸான் சொன்னார்:

“ஹாஜியார், அது நீலத்துட பழக்கம். சிக்னல் வாற நேரத்தத்தான் காட்டும். நான் அப்பவே சொன்னன். தங்கச்சிட்டக் கேளுங்க, அவக்குத் தெரியும்.”

மச்சி என்று சொல்லவில்லை. பயத்தில் பழைய சொல் வந்துவிட்டது.

“அப்பிடியா புள்ள?” என்று ஹாஜியார் கேட்டார்.

நான் சீலைக்குப் பின்னால் நின்றேன். என் மௌனம் ஊருக்கெல்லாம் பழகியதுதான். அதற்குள் எதை வைத்தாலும் யாரும் தேட மாட்டார்கள். “எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியா” என்றேன். அன்றைக்கு என் குரல் எல்லோருக்கும் கேட்டது.

பர்ஸான் அனுப்பிய குரல்களை குறிப்பை எழுதிய நாளே நான் அழித்திருந்தேன். அவருடைய கைபேசியில் இடமில்லாமல் அவர் எப்போதோ அழித்துவிட்டார்.

ஹாஜியார் அவசரப்படவில்லை. “வீடுகளுக்கு எழுதிக் கேட்டுப் பாரு புள்ள, பர்ஸான் வந்தானா எண்டு” என்றார். கேட்டேன். அவர் வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், சிலருக்கு நினைவில்லை என்று அவருக்கு எழுதினேன்.

“அப்ப ஒண்டுதான் இரிக்கி” என்று ஹாஜியார் பர்ஸானிடம் சொன்னார். “அசறுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வா. சத்தியம் பண்ணு. நான் நம்புறன்.”

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு வழக்கு இல்லை. பொய்யன் அங்கே நடுங்குவான், உண்மைக்காரன் சொல்லிவிட்டுப் போவான் என்பார்கள். ஆனால் பர்ஸான் போகவில்லை. “ஃபோன் பிழையாக் காட்டினத்துக்கு அல்லாஹ்ட பேரப் பள்ளிக்க இழுக்கிறதா? நான் மாட்டன். நம்பினா நம்புங்க, உட்டா உடுங்க” என்று சொல்லிவிட்டார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மார்க்கத்துக்கு மெய்யாகப் பயப்படுகிறவர்கள்தான் சத்தியத்துக்குப் பின்வாங்குவார்கள். ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது.

வேலை போனது. கல்யாணப் பேச்சும் முறிந்தது. “தண்ணியில அமானிதம் பாக்காதவன் பொண்டாட்டியில பாப்பானா? இவன என்ர வீட்டுக்கு மாப்பிள்ளையா எடுக்க ஏலா” என்று உம்மா சொன்னார். ராத்தா சோறு தின்பதைக் குறைத்துக்கொண்டாள். றிஸ்மிக்கு உட்பக்கமும் கிடைத்தது. இப்போது அவனுடைய வேலைகளும் மஃரிபுக்குக் கட்டாக வருகின்றன. றிஸ்மியை யாரும் கேட்பதில்லை. ஹாஜியார் பட்டியலை அடுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

பர்ஸான் கட்டாருக்கு வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்ட பிறகு நான் ராத்தாவிடம் சொன்னேன். ஏன் அதற்கு முன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் இங்கே இருக்கும்போது சொன்னால் சண்டை வரும், இரண்டு குடும்பத்துக்கும் அவமானம் என்று நினைத்தேன். எல்லோருடைய நன்மைக்காகவும்தான் பொறுத்திருந்தேன்.

ராத்தா பின்னேரம் கட்டிலில் இருந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் நிலத்தில் இருந்து சொன்னேன். விட்ட வரியைச் சொன்னேன். தெரியாது என்று சொன்னதைச் சொன்னேன். அவள் சீப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“வீடுகள்ல சிலருக்கு நினைவில்ல எண்டு சொன்னாங்களே. அது?”

அதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். நினைவில்லை என்று சொன்னது ஒரே ஒருவர், மத்திய முகாமில் சல்மா உம்மா. காலையில் என்ன தின்றார் என்பதும் அவருக்கு நினைவிருக்காது. மற்ற எல்லோரும் வந்தார் என்று எழுதினார்கள். ஒருவர், அந்தத் தம்பி போகும்போது கிணற்றில் தண்ணியும் அள்ளித் தந்துவிட்டுப் போனார், அவருக்கு நல்ல பெண் அமையட்டும் என்றும் எழுதியிருந்தார். அந்தச் செய்தியையும் அழித்துவிட்டேன்.

ராத்தா சீப்பைக் கட்டிலில் வைத்தாள்.

“ஹாஜியாருக்குச் சொன்னியா?”

“இன்னும் இல்ல ராத்தா. எழுதி அனுப்பத்தான் யோசிக்கிறன். நீலத்துல எழுதினா றிஸ்மியும் பாப்பான். வாட்ஸ்அப்புல போட்டா மாமி வாசிப்பா. எதுல அனுப்பினா நல்லம் எண்டு பாத்துக்கொண்டிருக்கன்.”

அதைச் சொன்னபோது நான் உண்மையாகவே அதைத்தான் செய்துகொண்டிருப்பதாக நம்பினேன். பர்ஸான் போய்ப் பல நாட்களாகியிருந்தன.

ராத்தா கூந்தலை முடிந்தாள். ஆணியில் தொங்கிய அபாயாவைப் போட்டு, பர்தாவைக் குத்தினாள். எல்லா வீடுகளின் இலக்கமும் இருந்த, நிலத்தில் கிடந்த என் கைபேசியை எடுத்துக்கொண்டாள். நானும் வரட்டா என்று கேட்டேன். ராத்தா சீலையை விலக்கிக்கொண்டு படியிறங்கி, ஹாஜியார் கடைப் பக்கம் போனாள்.